எடை மேடையில் அமாவாசை

நான் செய்த வேலையை அடுத்தவர் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. இது நல்ல குணம் இல்லை என்று என் மனைவி கல்யாணமான முதல் வாரமே சொன்னாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிப்பட்டவன் மென்பொருள் எழுதும் வேலைக்கு வந்ததுதான் கூத்து. இந்த வேலையில் பாதி நேரம் எழுதுவது, மீதி நேரம் எழுதியதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வது. இரண்டாவதற்குக் கோட் ரிவ்யூ என்று பெயர். நான் எழுதியதைக் குழுவில் இன்னொருவர் வரி வரியாகப் படித்து, சரி என்று ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். அதன் பிறகுதான் அது ஓடுகிற இயந்திரத்துக்குப் போகும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்கிற ஒரு தொழிற்சாலையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் நான்கு பேர் மென்பொருள் எழுதுகிறோம். வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இரும்பு ஃபேக்டரியில் உனக்கு என்ன கம்ப்யூட்டர் வேலை என்று கேட்பார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு எடை மேடை இருக்கிறது. லாரி உள்ளே வரும்போது ஒரு தடவையும் வெளியே போகும்போது ஒரு தடவையும் அதன் மேல் ஏறி நிற்கும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. அதைக் கணக்கிட்டுச் சீட்டு அடித்துக் கொடுப்பது எங்கள் மென்பொருள். அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.

நான் வேப்பம்பட்டில் இருக்கிறேன். அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேராக ரயில் கிடையாது. பேசின் பிரிட்ஜ் வரை ஒரு ரயில், அங்கே இறங்கிப் படியேறிப் படியிறங்கி இன்னொரு ரயில். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பயணம். எங்கள் ரிவ்யூ எல்லாம் அந்தப் பயணத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. குழுவில் இருக்கும் என் நண்பன் திருவள்ளூரிலேயே ஏறி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். நான் உட்கார்ந்ததும் அவன் கைப்பேசியை எடுத்து என் கோடுக்கு ஒப்புதல் அழுத்துவான், நான் என் கைப்பேசியை எடுத்து அவன் கோடுக்கு அழுத்துவேன். அடுத்த ஸ்டேஷனான திருநின்றவூர் வருவதற்குள் இரண்டு பேர் வேலையும் முடிந்துவிடும். மீதி வழியெல்லாம் தூக்கம். படித்தாயா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை. அப்படிக் கேட்பது நட்புக்கு அழகில்லை.

ஒரு தடவை, சீட்டில் தமிழ் எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. சீட்டின் அடியில் 'நன்றி, மீண்டும் வருக' என்று ஒரு வரி இருக்கும். அந்த இடத்தில் பரீட்சைக்காக ஏதாவது போட வேண்டும். அப்போது கையில் கிடைத்த தமிழ், என் மனைவி அனுப்பிய செய்தி. அதை அப்படியே எடுத்து ஒட்டிப் பார்த்தேன். எழுத்து அழகாக விழுந்தது. திருப்தியாக வீட்டுக்குப் போய்விட்டேன். ஒட்டியதை எடுக்க மறந்துவிட்டேன். மறுநாள் ரயிலில் நண்பன் ஒப்புதல் அழுத்திவிட்டான்.

அன்று காலையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு லாரியின் சீட்டிலும், மொத்த எடை, காலி எடை, நிகர எடை, அதற்குக் கீழே, 'பால் பாக்கெட் ரெண்டு வாங்கினு வாங்க. மறந்துட்டா ஊட்டுக்கே வராதீங்க' என்று இருந்தது. ஆந்திராவுக்குக் கம்பி ஏற்றிப்போன லாரிகள் எளாவூர் செக்போஸ்ட்டில் இதே சீட்டைத்தான் நீட்டின. அங்கே இருந்தவர் இது என்ன புது விதிமுறை என்று டிரைவரைக் கேட்டிருக்கிறார். மத்தியானம் ஒரு டிரைவர் நிஜமாகவே இரண்டு பால் பாக்கெட்டோடு கேட்டுக்கு வந்து நின்றார். வாங்கி வராவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.

அந்த வாரம்தான் எங்கள் குழுவுக்குப் புதுத் தலைவி வந்து சேர்ந்தார். பழவேற்காட்டில் பரம்பரையாக வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவர், அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தல். அவர் திட்டவில்லை. அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இத யாரு ரிவ்யூ பண்ணது?"

நண்பன் கையைத் தூக்கினான். பள்ளிக்கூடத்தில்கூட அவன் அப்படித் தூக்கியிருக்கமாட்டான்.

"படிச்சீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"படிச்சீங்களான்னு கேட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எங்க வாப்பா கடையில எடை போட்டா, வாய்விட்டு எடைய சொல்லிட்டுத்தான் பொட்டலம் கட்டுவாரு" என்றார் அவர். "வாங்கறவங்க காதுல விழணும். இனிமே இங்கயும் அப்படித்தான். கோட எழுதினவங்க அத யாரு உபயோகப்படுத்தறாங்களோ அவங்ககிட்ட உக்காந்து, தமிழ்ல, வாய்விட்டுப் படிச்சுக் காட்டணும். மொத வரி இது எதுக்குன்னு இருக்கணும். அவங்க புரிஞ்சுதுன்னு சொன்னாத்தான் போகும். இல்லன்னா போகாது."

இதுதான் எங்கள் புது விதி. ஒப்புதல் பொத்தானில் இருந்த வார்த்தையையே மாற்றிவிட்டார். ஒரு பொத்தானில் 'புரிஞ்சுது'. இன்னொன்றில் 'புரியல'. விதிவிலக்கு யாருக்கும் கிடையாது.

எங்கள் மென்பொருளை உபயோகிப்பவர் ஒரே ஒருவர்தான், எடை மேடைக்குப் பக்கத்துக் கேபினில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர். எளாவூர்க்காரர், ஓய்வு பெற மூன்று வருஷம் பாக்கி. முன்பு கம்பி யார்டில் வேலை பார்த்தவர். ஒரு நாள் கம்பிக் கட்டு சரிந்து வலது காலில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காலை ஊன்றி ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. அதனால் கம்பெனி அவரை உட்கார்ந்து பார்க்கிற இந்த வேலைக்கு மாற்றியது. கேபினில் ஒரு நாற்காலி, காலை நீட்டிக்கொள்ள ஒரு முக்காலி, சுவரில் காயலாங்கடை ஒன்று கொடுத்த தினசரி காலண்டர், ஜன்னலில் டீ கிளாஸ். அவரிடம் போய் நான், பத்து வருஷ அனுபவம் உள்ளவன், என் கோடைப் படித்துக் காட்ட வேண்டும்.

முதல் நாள் கடுகடுப்போடுதான் போனேன். 'எடை மூன்று விநாடி மாறாமல் இருந்தால் அதை எடுத்து டெம்ப்பில் வை. மறுபடி பார். அதை டெம்ப் டூவில் வை' என்று படித்தேன். அவர் காலை முக்காலியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இரு சார். டெம்ப்புன்றது யாரு?"

"அது சும்மா ஒரு பேருண்ணே. எடைய வெக்கிற டப்பா மாதிரி."

"உள்ள வர்ற எடையா, வெளிய போற எடையா?"

"மொதல்ல உள்ள வர்றது. ரெண்டாவது வெளிய போறது."

"அப்போ அதையே பேரா வெச்சா இன்னா? உன் புள்ளைங்களுக்கு டெம்ப்பு, டெம்ப் டூன்னா பேரு வெச்சிக்கிற?"

பக்கத்தில் சீட்டு வாங்க நின்ற டிரைவர் சிரித்துவிட்டார். எனக்குக் காது மடல் வரை சூடேறியது. மேலே வந்து பெயரை மாற்றினேன். மாற்றிய பிறகு படித்தால் எனக்கே சுலபமாகப் புரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்படியே எட்டு மாதம் போயிற்று. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால், "இத அப்பவே சொல்ட்டியே, இன்னாத்துக்கு திரும்ப?" என்பார். ஒரு தடவை நான் முப்பது வரி எழுதியதைக் கேட்டுவிட்டு, "இதுக்கு நாலு வரி போதுமே, இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?" என்றார். நாலு வரி போதும்தான். நண்பன் பிழைக்கத் தெரிந்தவன். போகும்போதே வடை வாங்கிக்கொண்டு போவான். அவர் வடையைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு புரியல என்று அழுத்துவார். போகப்போக என்னை சார் என்று கூப்பிடுவதை விட்டு நைனா என்று கூப்பிட ஆரம்பித்தார். நானும் படிக்கும்போதே தப்பைக் கண்டுபிடித்து, அவர் வாயைத் திறப்பதற்கு முன் நிறுத்திவிடக் கற்றுக்கொண்டேன். என் கோட் நன்றாகிவிட்டது. இதை நான் வெளியில் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அப்போதுதான் ஃபேக்டரி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஆளில்லாத எடை மேடை வேண்டும் என்றார். நான்கு கேமரா, தானாகத் திறக்கும் தடுப்பு, டிரைவர் கையில் ஒரு அட்டை. லாரி வரும், அட்டையைக் காட்டும், ஏறும், எடை எடுக்கும், சீட்டு வரும், போகும். முழுக்க முழுக்க நானே எழுத வேண்டியது. இதற்காக நான் பத்து வருஷம் காத்திருந்தேன். இரண்டு மாதம் ராப்பகல் பார்க்காமல் எழுதினேன். ரயிலில் தூங்குவதைக்கூட நிறுத்திவிட்டேன். எழுதி முடித்து, ரிவ்யூவுக்குப் போடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. இதை யாரிடம் படித்துக் காட்ட வேண்டும்?

நான் தலைவியிடம் ஓடினேன்.

"மேடம், இந்த ஒண்ணுக்கு மட்டும் நீங்களே ரிவ்யூ பண்ணிடுங்க."

"ஏன்?"

"இது வந்துட்டா அவருக்கு அங்க வேலை இல்ல. யார்டுக்கு அனுப்பிடுவேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. அந்தக் கால வெச்சிக்கிட்டு அவர் யார்டுல ஒரு வாரம் தாங்கமாட்டாரு. வேலைய விட்டுட்டுத்தான் போவணும். இத நான் எப்படிப் போய்ப் படிக்கிறது?"

"அப்போ அவருக்குத் தெரியாம போடலாம்ன்றீங்களா?"

நான் மறுபடி ஜன்னலைப் பார்த்தேன்.

"சும்மா இருக்கிற கோடுக்கெல்லாம் அவர் காலடில போய் உக்காந்தோம். அவரோட வேலைய எடுக்கிற கோட மட்டும் மறைச்சுப் போடறதா? போய்ப் படிங்க."

போனேன். அவர் வழக்கம்போல் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டார். நான் மடிக்கணினியைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். லாரி வந்ததும் அட்டையைப் பார், எண்ணைப் பார், தடுப்பைத் திற என்று கடகடவென்று போனேன். ஒரு வரிகூடத் திக்கவில்லை.

"நைனா" என்றார். "மொத வரிய உட்டுட்டியே."

இத்தனை மாதமாக நான் படித்த ஒவ்வொன்றிலும் முதல் வரி, இது எதற்கு என்று சொல்லும் வரிதான். அது அவருக்குத் தெரியும்.

"அது ஒண்ணும் இல்லண்ணே."

"ஒண்ணும் இல்லன்னா படி."

"கேபினில் ஆள் இல்லாமல் எடை எடுப்பதற்கு" என்று படித்தேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே புதிதாக நட்டிருந்த கேமராக் கம்பத்தைப் பார்த்தார். "இது நட்டப்பவே நெனச்சேன்" என்றார். பிறகு காலைக் கீழே இறக்கி வைத்து, முழங்காலைத் தடவிக்கொண்டார். "யார்டுக்கா?"

தலையாட்டினேன்.

"எத்தினி நாள்ல?"

"நீங்க புரிஞ்சுதுன்னு அழுத்தினா, அடுத்த வாரம்."

"சரி. மீதியையும் படி."

படித்தேன். முழுவதும் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு ரயிலில் நண்பன் பேச்சுக் கொடுத்ததும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அதோடு, உண்மையைச் சொன்னால், அவர் அழுத்துவாரா மாட்டாரா என்ற கவலையும் இருந்தது. அவர் மேல் எனக்குப் பாசம் உண்டு. என் கோட் மேல் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மறுநாள் போனபோது ஒரு நோட்டை நீட்டினார். பதினேழு குறிப்பு. எண் போட்டு, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்.

ஒன்று: கடைசிச் சக்கரம் மேடைக்கு வெளியே நின்றால் எடை குறையும். யார் பார்ப்பது? இரண்டு: வரும்போது டிரைவர் வண்டிக்குள் இருந்தான், போகும்போது இறங்கி நிற்கிறான், அவன் எடையும் சரக்காகிவிடும். யார் பார்ப்பது? மூன்று: பின்னால் வரும் லாரி அவசரப்பட்டு முன்சக்கரத்தை மேடையில் ஏற்றிவிடும். நான்கு: மழை பெய்தால் தார்ப்பாயில் தேங்கும் தண்ணீரும் இரும்பு விலைக்குப் போகும். ஐந்து: அட்டையை மாற்றிக்கொள்வார்கள், அண்ணன் தம்பி இரண்டு லாரி ஓட்டுகிறார்கள். ஆறு: பதினோரு மணிக்கு மேல் வெள்ளை நாய் மேடைமேல் படுக்கும், லாரி ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்காது, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இப்படியே போயிற்று. பதினேழாவது: அமாவாசை அன்று கடலோடு சேர்ந்து பழவேற்காட்டு ஏரித் தண்ணீரும் அடிமண் வழியாக ஏறி மேடைக்குக் கீழே இருக்கும் குழியில் நிற்கும், கருவி நனைந்தால் எடை தப்பும், ஒரு ஆள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இட்டுக்கட்டுகிறார் என்றே நினைத்தேன். சரி, பார்த்துவிடுகிறேன் என்று ஒரு வாரம் முழுக்க வெயிலில் எடை மேடை ஓரத்தில் நின்றேன். முதல் நாளே மூன்று லாரி கடைசிச் சக்கரத்தை வெளியே நிறுத்தின. அண்ணன் தம்பி அட்டையை மாற்றிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு மழை பெய்தது, தார்ப்பாயிலிருந்து கொட்டிய தண்ணீரில் என் செருப்பு மிதந்தது. நாய்க்கு ஒரு பேர் இருந்தது, நான் கூப்பிட்டால் அது எழுந்திருக்கவில்லை. பதினாறும் உண்மை. பதினேழாவதைச் சோதிக்க அமாவாசை வர வேண்டும்.

ஒவ்வொரு குறிப்புக்கும் கோடில் வழி செய்ய வேண்டும். சக்கரம் வெளியே நிற்கிறதா என்று கேமராவுக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? ஆபரேட்டரைக் கூப்பிடு. அட்டையும் வண்டியும் பொருந்தவில்லையா? ஆபரேட்டரைக் கூப்பிடு. நாயா? வேறு வழியே இல்லை, ஆபரேட்டரைக் கூப்பிடு.

அமாவாசைதான் பெரும்பாடாகிவிட்டது. இரும்புத் தொழிற்சாலை மென்பொருளில் நிலவின் நடமாட்டத்தை எழுதியவன் இந்தத் தொழிற்பேட்டையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அமாவாசை என்றால் ஒரு நாள் என்று நினைத்தேன். அது முந்தின நாள் மத்தியானம் தொடங்கி மறுநாள் மத்தியானம் வரை இருக்கிறது. அவர் சுவரிலிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் கோட் சொல்லும் தேதியை ஒவ்வொரு மாதமாகப் புரட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்.

"பொரட்டாசில ஒரு நாளு முன்னாடி காட்டுது பாரு."

திருத்தினேன். இன்னொரு மாதம் தப்பிற்று. அதையும் திருத்தினேன். ஐந்து நாள் ஆயிற்று. கடைசியில் பன்னிரண்டு மாதமும் காலண்டரோடு இம்மி பிசகாமல் பொருந்தியது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே அழகான கோட் அதுதான். வீட்டுக்குப் போய் மனைவியிடமே படித்துக் காட்டினேன். "நம்ம ஊட்டு தர்ப்பணத்துக்கு உதவும்" என்றாள்.

தலைவி நோட்டைப் புரட்டியபடி எல்லாவற்றையும் கேட்டார். பதினேழாவது வந்தபோது மட்டும் ஒரு கணம் நிறுத்தி, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையசைத்துவிட்டு நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார். ஆபரேட்டர் நோட்டில் பதினேழுக்கும் டிக் போட்டுவிட்டு, கணினியில் புரிஞ்சுது என்று அழுத்தினார். அழுத்தும்போது அவர் விரல் கொஞ்சம் தயங்கியது. எனக்கு அது தெரிந்தது, தெரியாததுபோல் இருந்துவிட்டேன்.

பரீட்சை ஓட்டத்தைப் பார்க்க மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் லாரி வந்தது. மணி அடித்தது, ஆபரேட்டரைக் கூப்பிடு. அவர் கேபினிலிருந்து விந்தி விந்தி வந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது லாரிக்கும் மணி. மூன்றாவது லாரிக்கு மணி அடிக்கவில்லை, எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அதற்குள் நாய் வந்து படுத்துவிட்டது. பத்து லாரியில் எட்டுக்கு மணி அடித்தது.

"முன்னாடி நானா ஒக்காந்த எடத்துலயே கண்ணாடி வழியா பாத்துக்கினு இருந்தேன்" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "இப்போ நீ மணி அடிச்சி நடக்க வெக்கிற. இது பெரிய பேஜாரா கீது நைனா."

மேனேஜர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். கேபினை எடுக்க முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேமராவுக்குச் செலவு செய்தாயிற்று. 'ஆள் துணையுடன் இயங்கும் தானியங்கி எடை மேடை' என்று ஒரு பெயர் வைத்து, கேட்டில் பலகை மாட்டச் சொல்லிவிட்டு எழுந்து போனார். மணி அடிப்பதை எடுத்துவிட்டு, கேபின் திரையில் சிவப்பு விளக்கு எரியும்படி மாற்றினேன். ஆபரேட்டர் மறுபடி காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கு ஏமாற்றம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு லேசானது, அதுவும் உண்மை.

அமாவாசை வந்தது. காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் கோட் சொன்ன நிமிஷத்துக்குத் திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது, 'குழியில் தண்ணீர் பார்க்கவும்'. அவர் சாப்பிடப் போயிருந்தார். அவருக்கு எதற்குச் சிரமம், நாமே பார்ப்போம் என்று பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, இரும்பு மூடியைத் தூக்கிக் குழியில் இறங்கினேன்.

தண்ணீர் இல்லை. ஈரம்கூட இல்லை. காய்ந்த மண், பீடித் துண்டுகள், வெள்ளை நாய் எப்போதோ கொண்டுபோய்ப் போட்ட ஒரு செருப்பு. சுவரில் தண்ணீர் நின்ற தடம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் குழி கட்டிய நாள் முதல் ஏரித் தண்ணீரைப் பார்த்ததே இல்லை.

மடித்த பேன்ட்டோடு மாடிக்கு ஓடினேன். ஐந்து நாள். பன்னிரண்டு மாதம். என் வாழ்க்கையின் அழகான கோட்.

"மேடம், அந்தப் பதினேழாவது பொய்."

தலைவி கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"நான் பழவேற்காட்டுல பொறந்தவ. ஏரி எங்க வரைக்கும் ஏறும்னு எனக்குத் தெரியாதா? இந்த கேட்டுக்கு ஏரி வர்றதுன்னா, அதுக்கு முன்னாடி கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்ல எறா புடிக்கலாம். அதோட, ஏறினா பௌர்ணமிக்கும்ல ஏறணும்? அவர் அமாவாசையோட நிறுத்திக்கிட்டாரு."

"அப்போ ஏன் மேடம் விட்டீங்க? நீங்கதானே விதி விதின்னு..."

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "பதினாறு உண்மைய எழுதிட்டாரு. அது போதாதோன்னு அவருக்குப் பயம். பயத்துல இன்னொண்ணு சேத்துட்டாரு. அந்தக் காலோட யார்டுல நிக்கணும்னா நானும் சேத்திருப்பேன்."

"அந்த வரிய எடுத்துடட்டுமா?"

"தாராளமா எடுங்க. ஆனா விதி தெரியும்ல? எத எடுக்கிறீங்க, ஏன் எடுக்கிறீங்கன்னு அவர்கிட்ட படிச்சுக் காட்டணும். அவர் புரிஞ்சுதுன்னு சொல்லணும்."

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். படியில் இறங்கும்போது எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதல் வரி இது எதற்கு என்று சொல்ல வேண்டும். அமாவாசையன்று தண்ணீர் ஏறுவதில்லை என்பதால். அவ்வளவுதான், ஒரே வரி. அவர் சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எடை மேடையில் நான் மூட மறந்த இரும்பு மூடி திறந்தே கிடந்தது. என் பேன்ட் இன்னும் முழங்கால்வரை மடித்தபடியே இருந்தது. அவர் இரண்டையும் பார்த்திருக்கிறார். திரையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காலை முக்காலியிலிருந்து கீழே இறக்கி வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தபடி கேட்டார்.

"தண்ணி ஏறிக்குதா நைனா?"

மடிக்கணினியைத் திறந்தேன். திரும்ப மூடினேன்.

"ஏறிக்குதுண்ணே. கொஞ்சமாத்தான்."

அவர் திரும்பி என் முழங்காலைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்தது வெறும் புழுதி. காலைத் தூக்கி மறுபடி முக்காலியில் வைத்துக்கொண்டார்.

"புரிஞ்சுது" என்றார்.